தொட்டியின் அடியில் ஒரு துளை

ஏப்ரல் 25

செவ்வாய், குழாயில் தண்ணீர் வரும் நாள். காலையிலிருந்து தெரு முழுக்கத் துணி துவைக்கும் சத்தம்.

பெருநாளுக்கு, கடலோர அகபாவில் என் வீட்டுக்காரர் அத்னானின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். நேற்று மாலைதான் திரும்பினோம். கதவைத் திறந்ததும் நாற்றம். "எலி செத்துக் கிடக்கு"ன்னு அத்னான் சொன்னார். எலி இல்லை. என் தொட்டி.

குளியலறையில் நின்று குளிக்கும் மேடையை ஒரு படி உயர்த்தி, அதன் கீழே தட்டையாக ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். குளித்த தண்ணீரும் கை கழுவிய தண்ணீரும் முடி, சோப்புத் துணுக்கையெல்லாம் ஒரு வலையில் விட்டுவிட்டு அதில் இறங்கும். கையளவு மோட்டார் ஒன்று அதைக் கழிப்பறைக்கு ஏற்றும். ஃப்ளஷ் அடிக்க நல்ல தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டியதில்லை. ஒன்றரை வருடம் இடித்து இடித்துக் கட்டியது. இதற்குமுன் மாடித் தொட்டி வாரம் முடிவதற்குள் வற்றிவிடும், பக்கத்து வீட்டில் குடத்தை நீட்டுவேன். இப்போது அடுத்த செவ்வாய் காலையிலும் மாடித் தொட்டியடியில் தண்ணீர் ஆடுகிறது.

ஆனால் நான்கு நாள் வீடு பூட்டிக் கிடந்ததில் உள்ளே தேங்கியது அழுகிவிட்டது. தினமும் புழங்கும்போது தெரியாத குறை. மேடையைக் கழற்றி, தொட்டியின் அடியில் பேனா ரீஃபில் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டேன். மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகி வெளியே எலுமிச்சை மரத்துக்கு விட்டுவிட்டால், மிஞ்சும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து ஒரு நாளுக்குமேல் தங்காது. இவ்வளவுதான் வேலை!

குழாய் வாங்க அபூ குதைபாவின் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாம்மா ரிஹாப், முபாரக்! சொல்லவே இல்லையே?"

"என்னத்த?"

"பெண்கள் சங்கத்து வேலையத்தான். விதவைகளுக்குக் கட்டுற அந்தப் புதுக் குடியிருப்பு மொத்தத்துக்கும் உங்க தட்டைத் தொட்டிதானாமே. நஜ்வா வந்து ஆர்டர் குடுத்துட்டுப் போயிட்டா."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல. ஏன் ஆட்டினேன்?

ஏப்ரல் 26

போனேன். நேராக அவள் வீட்டுக்கே போனேன்.

நஜ்வாவும் நானும் பெண்களுக்கான பிளம்பிங் வகுப்பில் ஒரே பெஞ்ச். புருஷன்கள் வேலைக்குப் போன நேரத்தில் ஆண் பிளம்பரை வீட்டுக்குள் விட முடியாத பெண்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் கதவையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தட்டினோம். அவள் பேசுவாள், நான் மண்டியிட்டுத் திருகுவேன். அப்படித்தான் இத்தனை வருடம். நோன்பு மாதத்தில் ஒரு நாள் நோன்பு திறக்க வந்தவள் என் குளியலறையைப் போனில் படம் எடுத்தாள். "தங்கச்சிக்குக் காட்டணும்"னு சொன்னாள்.

தங்கச்சிக்கு!

"எடுத்தேன். இப்ப என்ன?" என்றாள். வெட்கப்பட்ட மாதிரிகூட நடிக்கவில்லை. "நீ இன்னும் பத்து வருஷம் அதை உன் வீட்டுலயே வெச்சு அழகு பாத்துக்கிட்டு இருப்ப. நான் நாலு பேரு வீட்டுக்குக் கொண்டு போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவ? 'இன்னும் சரியாகல, இன்னும் சரியாகல'ன்னு. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனா சங்கத்துல நீ தரையப் பாத்துக்கிட்டு நிப்ப. தண்ணிய நீயா கண்டுபிடிச்ச, ரிஹாப்?"

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வந்தது, அதுவும் ஒன்பது. வந்து என்ன புண்ணியம்?

ஏப்ரல் 27

அவள் தலை குனிந்து நிற்பதைப் பார்க்காமல் எனக்குச் சாவு வரக்கூடாது.

மே 3

சங்கத் தலைவி உம்மு பிஷ்ரைப் பார்த்தேன். ஏலக்காய் போட்ட காபி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இங்க பாரும்மா, எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் அந்தச் சாப்பாட்டை முதல்ல செஞ்சது நான்தான்னு ஒருத்தி சொல்லுவா. நாங்க அதுக்குள்ள எல்லாம் வரமாட்டோம். நஜ்வா உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லியிருக்கா. அவளுக்கு எடுபிடியா இருந்தியாமே? கை சுத்தம்னு சொன்னா."

எடுபிடி.

எடுபிடி. எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலும் எரிகிறது.

மே 9

அபூ குதைபாவின் கடை வாசலில் அவளுடைய தொட்டிகள் வந்து இறங்கியிருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பளபளவென்று. யாரும் பார்க்காதபோது ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். இன்னொன்றையும்.

அடியில் துளை இல்லை.

இருக்காது! அவள் படம் எடுத்தது நோன்பு மாதத் தொடக்கத்தில். எனக்கே நாற்றம் காட்டிக்கொடுத்தது பெருநாள் கழிந்துதான். அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் குடியிருப்பில் தனியாக இருக்கும் கிழவிகள் உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிப்பவர்கள். தொட்டியடியில் தண்ணீர் தங்கும். ஜூலை வெயில் வேறு வருகிறது. வரட்டும்.

கடையிலிருந்து நடந்து வரும்போது எனக்குள் ஏதோ பாடிக்கொண்டே வந்தது. வழியில் கால் கிலோ பாதாம்காய் வாங்கி உப்புத் தொட்டுத் தின்றேன்.

அவளாக வந்து கேட்டால் சொல்லுவேன். கேட்கட்டுமே.

மே 16

கேட்டுவிட்டாள். நேராக இல்லை. அத்னான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். சங்கத்துக் கட்டட வேலைக்கு லோடு கொண்டு போன இடத்தில் அவரைப் பிடித்திருக்கிறாள். சாப்பிடும்போது சொன்னார்.

"உன் சிநேகிதி கேக்கச் சொன்னா. படத்துல இருக்கிற மாதிரியேதான் மாட்டுறாளாம். ஏதாவது விட்டுப் போயிருக்கான்னு கேட்டா. கொஞ்சம் பயந்த மாதிரித்தான் இருந்துச்சு."

ரொட்டியைக் கிழித்து லெப்னே தயிரில் தோய்த்தேன். மென்றேன். விழுங்கினேன்.

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவ கை சுத்தம்."

அவருக்கு அந்த வார்த்தையின் விஷம் புரியவில்லை. தேநீர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 11

குடியிருப்பைத் திறந்துவிட்டார்களாம். நஜ்வா ஒரு பெட்டி குனாஃபா இனிப்பு அனுப்பியிருக்கிறாள். அதன்மேல் சின்னச் சீட்டு: "உன் துஆவால்." என் பிரார்த்தனையாலாம், என்ன திமிர்! அப்படியே தூக்கிக் குப்பையில் போடப்போனேன். அத்னான் பிடுங்கிக்கொண்டார். "குனாஃபா என்ன பாவம் பண்ணுச்சு?"

முழுவதையும் அவரே தின்றார்.

ஜூன் 28

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகையில் நல்லதாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று கையேந்தினேன். வாயில் வந்தது அவள் பெயர்தான். நல்லதுக்கு இல்லை.

ஜூலை 11

வெயில் தாங்கவில்லை. இந்த மாதத்திலிருந்து தண்ணீர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதானாம்.

அத்னான் மத்தியானம் வந்தார். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டார்.

"யா அல்லாஹ், அந்தப் புதுக் கட்டடம்! வாசலுக்குப் போறதுக்கு முன்னாடியே மூக்கைப் புடிக்கணும். ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல, சந்து வழியா எல்லாத் தளத்துக்கும் ஏறுது. என்னமோ தொட்டி வெச்சாங்களாம், அதுவாம்."

"அப்படியா?"

"நாத்தம் போகணும்னு வாளி வாளியா நல்ல தண்ணிய ஊத்துறாங்க. மாடித் தொட்டியெல்லாம் காலி. இன்னைக்கு மட்டும் ரெண்டு லோடு இறக்குனேன். நீ வீடு வீடாப் போய் தண்ணிய மிச்சம் பண்ண வெச்சு என் பொழப்புல மண்ணப் போட்ட. உன் சிநேகிதி அள்ளி அள்ளிக் குடுக்குறா!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து போய்க் கத்தரிக்காய் பொரித்து, கறி வேகவைத்து, மக்லூபா சோறு வைத்தேன். தட்டில் பானையைக் கவிழ்த்தபோது ஒரு பருக்கை உடையாமல் கோபுரம் மாதிரி நின்றது. என் ஆயுளில் இவ்வளவு நல்ல மக்லூபா வந்ததில்லை.

ஜூலை 13

இன்றும் கேட்டேன். யார் என்ன திட்டினார்கள், நஜ்வா வந்தாளா, அழுதாளா என்று. அத்னான் சலித்துக்கொண்டே சொன்னார். இரண்டாம் மாடியில் உம்மு கரம் என்று ஒரு சிரியாக்காரி, தர்ஆவிலிருந்து வந்தவள், நாலு பிள்ளைகள். "இதைச் செஞ்சவ கை அழுகிப் போகட்டும், அவ வீட்டுக் கிணத்துல பாம்பு விழட்டும்"னு படியில் நின்று கத்துகிறாளாம். நஜ்வா காது கேட்காதவள் மாதிரிக் குனிந்துகொண்டு மேலே ஏறினாளாம்.

இந்த உம்மு கரம் யாரோ, அவள் நாக்குக்குத் தங்கம் பூச வேண்டும்.

ஜூலை 25

நானே போய்ப் பார்த்தேன். வேலை எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காகவே போனேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில் நின்றுகொண்டேன்.

நஜ்வா வாசலில் நின்றிருந்தாள். முக்காடு சரிந்து கழுத்தில் கிடந்தது. நாலைந்து பெண்கள் அவளைச் சுற்றி. அவள் வாய் ஓயாமல் போகிறது, கை காற்றில் ஏதோ வரைகிறது, எவளும் கேட்கவில்லை. பேச்சால் எந்தக் கதவையும் திறப்பவள்! உம்மு கரமாகத்தான் இருக்க வேண்டும், ஒருத்தி உள்ளே போய் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் அப்படியே கொட்டினாள். நஜ்வா துள்ளி விலகினாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்? நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாக இருந்தது.

ஆனால் அந்த வாளியில் இருந்தது நல்ல தண்ணீர். வெயிலில் பளிச்சென்று வழிந்து சாக்கடைக்குள் போனது. தண்ணீர் வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது அவர்களுக்கு. அதைப் பார்த்தபோது மட்டும் என் கை தானாக நீண்டது. எதைப் பிடிக்க நீண்டது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1

இரவுச் சாப்பாடு அப்படியே கிடக்கிறது.

அத்னான் சொன்னார்: "உம்மு கரம் இன்னைக்குக் கடனுக்குத் தண்ணி கேட்டா. அரை லோடு சும்மாவே இறக்கிட்டேன். சின்னப் புள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு, குளிப்பாட்டவே தண்ணி இல்லையாம்."

தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"உன் வீட்டுத் தொட்டி நாறலையே, ரிஹாப்."

"அது வேற."

"என்ன வேற? அதே தொட்டிதானே? அன்னைக்கு அவ கேட்டு அனுப்புனப்ப எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லச் சொன்ன." முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "நான் தண்ணி விக்கிறவன். அடுத்தவன் தாகத்துல காசு பாக்குறவன்னு நீயே எத்தனை தடவ குத்திக் காட்டியிருக்க. நானாவது லோடு இறக்கிட்டுக் காசு வாங்குறேன்."

எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 2

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றரை வருஷம் மண்டி தேய்ந்தது யாருக்கு? எடுபிடின்னு அவரையா சொன்னாங்க? நான் யாரையும் எதையும் கெடுக்கல. ஒரு கல்லைக்கூட நகர்த்தல. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். திருடுனவ அவ. திருடுனதுல ஓட்டை இருந்தா அது என் தப்பா — ஓட்டை இல்லாததுதான் தப்பு. அட, எனக்கே சிரிப்பு வருது.

சிரங்கு பிடித்த பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8

வந்தாள்! என் வாசலுக்கே வந்தாள்!

கதவைத் திறந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. கை முழுக்க பிளீச்சிங் பவுடர் அரித்த வெடிப்பு. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. இந்த வீட்டில் எதிரிக்கும் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. இன்று அனுப்பினேன்.

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்" என்றாள். "வலையை மாத்துனேன். மருந்து ஊத்துனேன். ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுது. உன் வீட்டுல மட்டும் ஏன் வரல? என்ன பண்ணுன? சொல்லு ரிஹாப், உன் காலைப் புடிக்கிறேன்."

"முதல்ல நீ சொல்லு. அந்தத் தொட்டி யாரோடது?"

தரையைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்!

"உன்னோடது."

"சத்தமா."

"உன்னோடது."

"இதை சங்கத்துல சொல்லு. உம்மு பிஷ்ர் முன்னாடி, அந்தக் கட்டடத்துப் பொம்பளைங்க அத்தனை பேர் முன்னாடியும். சொல்லிட்டு வா, நாளைக்கே சரி பண்ணித் தர்றேன்."

நிமிர்ந்தாள். "இப்பப் போய்ச் சொல்லவா? இந்த நாத்தத்துக்கு மேல உன் பேரை எழுதவா?"

"சாக்கு சொல்லாத."

"சாக்கு இல்ல, யோசி —"

கதவைச் சாத்தினேன். சாத்தியபிறகும் அவள் வாசலில் நிற்பது கதவிடுக்கில் நிழலாகத் தெரிந்தது. போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பேரீச்சம்பழம் மாதிரி இனித்தது நெஞ்சு.

ஆகஸ்ட் 14

சொல்லவில்லை அவள். ஆறு நாளாக எதிர்பார்த்தேன்.

இன்று சங்கம் அவளை வேலையிலிருந்து விரட்டிவிட்டது. கூடவே மேடைகளையெல்லாம் இடிக்கிறார்களாம். அத்னான் இதையெல்லாம் எனக்கு நேராகச் சொல்வதில்லை இப்போது, போனில் யாருக்கோ சொன்னதைக் கேட்டேன். முதல் தளம் முடிந்துவிட்டது. தொட்டிகள் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. இனி சங்கத்துக் கட்டடம் எதிலும் இந்த அழுக்குத் தண்ணீர் ஏற்பாடு கூடாது என்று உம்மு பிஷ்ர் சொல்லிவிட்டாராம்.

நஜ்வா ஒழிந்தாள்.

இடிக்கிறார்கள். என் மேடையை.

ஆகஸ்ட் 17

என் வாடிக்கைக்காரர் டீச்சர் இன்ஆம் வீட்டுக்குப் போனேன். நோன்புக்கு முன்பே அவர் குளியலறையில் தொட்டி வைப்பதாகப் பேசியிருந்தோம். எங்கே மேடை, எங்கே மோட்டார் என்று சுண்ணாம்பில் தரையில் கோடு போட்டு வைத்துவிட்டு வந்திருந்தேன். இன்று பார்த்தால் கோட்டைக் கழுவிவிட்டிருந்தார்.

"வேண்டாம் ரிஹாப். குழாய் வாய்க்கு, தண்ணி மிச்சம் பண்ணுற அந்தச் சல்லடை மட்டும் மாட்டிட்டுப் போ. சங்கத்துக் கட்டடத்துல ஊரே சிரிச்சுதே, அந்த நாத்தம் புடிச்ச சாமானா இது?"

"இல்ல டீச்சர். அது வேற யாரோ செஞ்சது."

என் வாய்தான் சொன்னது. அது வேற யாரோ செஞ்சது.

சல்லடையை மாட்டிக் கொடுத்தேன். வழியில் அபூ குதைபா, மீந்த தொட்டிகளைத் திருப்பி எடுக்க ஆளில்லை, பழைய பிளாஸ்டிக்காரனுக்குப் போடப்போகிறேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

தூங்கவில்லை. என்னுடையது என்னுடையது என்று நாலு மாதம் குமுறினேன். நேற்று ஒருத்தர் நேருக்கு நேர் கேட்டபோது என்னுடையது இல்லை என்றேன். நஜ்வாகூட அப்படிச் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 20

கை வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். முற்றத்தில் தொட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. முதல் தளத்தில் மேடைகள் போய்விட்டன. இரண்டாம் மாடியில் இன்னும் கை வைக்கவில்லை. படியில் உம்மு கரம் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். பெரிய உடம்பு, நீலக் கண்.

"யாரு நீ?"

"பிளம்பர்."

"இன்னொருத்தியா! ஏ, வந்து பாருங்கடி, சங்கம் இன்னொருத்திய அனுப்பியிருக்கு!"

கதவுகள் திறந்தன. அஞ்சாறு பேர்.

"சங்கம் அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்றேன். "உங்க வீட்டுத் தொட்டிய நான் பாக்கணும்."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? நாளைக்கு இடிக்க வர்றாங்க. இதைச் செஞ்சவ கை —"

"நான்தான் செஞ்சேன்."

துடைப்பம் நின்றது.

"நஜ்வா மாட்டுனா. ஆனா இது என்னோடது. நான் யோசிச்சது, என் வீட்டுல இப்பவும் ஓடுது. இதுல ஒரு குறை இருக்கு. அது எனக்குத் தெரியும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

இந்தக் கேள்விக்கு வழி முழுக்கப் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் எல்லாம் மறந்தது.

"மாட்டுறதுக்கு முன்னாடியே. எனக்கும் அவளுக்கும் பகை. அதனால சொல்லல."

உம்மு கரம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் வாளி. இந்தத் தடவை நல்ல தண்ணீர் இல்லை. மேடைக்கு அடியிலிருந்து மொண்டது. தலையிலிருந்து கால்வரை ஊற்றினாள்.

முக்காடு, சட்டை, செருப்பு, பெட்டிக்குள் இருந்த ஸ்பேனர் எல்லாம் நனைந்தன. அந்த நாற்றம் என் வாய்க்குள்ளும் போனது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்கு ஓடத் தோன்றவில்லை. நான் அவளாக இருந்தால் இரண்டு வாளி ஊற்றியிருப்பேன்.

"எங்க நாலு புள்ளைங்களும் இதைத்தான் மோந்துக்கிட்டு தூங்குச்சுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. பிறகு, "நிக்கிற? உள்ள போ. என்ன குறையோ அதைப் பாரு" என்றாள்.

நனைந்த துணியோடு மேடையைக் கழற்றினேன். சுத்தமாகத் தேய்த்துக் கழுவினேன். அடியில் துளை. மெல்லிய குழாய். சாக்கடைக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். துளை போட எடுத்த நேரத்தில் அவள் ஒரு தேநீர்கூடக் கொதிக்கவைத்திருக்க முடியாது. வாசலில் நின்று பார்த்தவள் கேட்டாள்:

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்குத்தானா ரெண்டு மாசம்?"

தலையாட்டினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "அந்த நஜ்வாவ நாங்க எவ்வளவு கிழிச்சோம். கடைசி வரைக்கும் நான் செஞ்சது, நான் செஞ்சதுன்னுதான் சொன்னா. உன் பேரை ஒரு தடவகூடச் சொல்லல."

வீட்டுக்கு வந்தபோது அத்னான் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஹோஸை என் பக்கம் திருப்பினார். கோபத்திலா சிரிப்பிலா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

உம்மு கரமிடமிருந்து செய்தி: "நாத்தம் இல்ல. நாளைக்குத்தான் தண்ணி வருது, மாடித் தொட்டில இன்னும் முழங்கை அளவு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா. உம்மு பிஷ்ர்கிட்ட நான் பேசி இடிக்கிறதை நிறுத்தி வெச்சிருக்கேன். வா." சலாமும் இல்லை, நன்றியும் இல்லை. ஏழு தடவை படித்தேன்.

அத்னானிடம் காட்டினேன். "போச்சு, ஒரு வாடிக்கை போச்சு" என்றார். அந்த ஆகஸ்ட் இரவுக்குப் பிறகு முதல் தடவையாக என் தட்டிலிருந்து ஒரு ஆலிவ் எடுத்துத் தின்றார்.

செப்டம்பர் 19

டீச்சர் இன்ஆமிடம் போய் உண்மையைச் சொன்னேன். அன்று சொன்னது பொய், அது என் சாமான்தான் என்றேன். கதவருகே நிற்கவைத்தே அனுப்பினார். போகட்டும்.

அக்டோபர் 2

இரண்டாம் மாடியில் இரண்டு வீடு முடிந்தது. முற்றத்தில் கிடப்பதை எல்லாம் திரும்ப மாட்டச் சொல்லி முதல் தளத்துக்காரர்கள் கேட்கிறார்கள், இடித்த மேடைகளையும் திரும்ப எழுப்பியாகிவிட்டது. தொட்டியை மேடைக்குக் கீழே தள்ள ஒரு ஆள், மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். உம்மு கரமின் பெரியவன் பிடித்தான், ஆனால் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அவனைக் கூட்டிப்போக முடியாது.

நஜ்வா அவள் அண்ணனின் துணிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போனேன். துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"என்ன வேணும்?"

"ஒண்ணு கேக்கணும். அவங்க உன்னைக் கிழிச்சப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சிருப்ப" என்றாள் பட்டென்று. "நான் நாசமாப் போனாலும் பரவாயில்ல, நீ கேட்டது உனக்குக் கிடைக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அல்லவா. என் சிரிப்பைப் பார்த்து அவள் முகம் இன்னும் கடுத்தது. இன்னொரு துண்டை எடுத்து உதறி மடித்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "அந்தப் பொம்பளைங்க உன்னைக் கொன்னே போட்டிருப்பாங்க. உனக்குத் திருப்பிப் பேசவும் வராது" என்றாள்.

இரண்டில் எது நிஜம்? கேட்கவில்லை. கேட்டால் இரண்டுமே பொய் என்பாள்.

"நாளைக்கு முதல் தளத்துல தொட்டி ஏத்துறோம்" என்று சொன்னேன். "மறுமுனையப் புடிக்க ஆள் இல்ல."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? திருடிகிட்ட."

"ஆமா. திருடிகிட்டதான்."

வந்துவிட்டேன்.

அக்டோபர் 3

மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபிறகு வந்தாள். உம்மு கரம் படியில் வழியை மறித்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு ஒதுங்கினாள்.

நஜ்வா மறுமுனையைப் பிடித்தாள். நான் தள்ளினேன். மூன்று வீடு முடிந்தது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மாலையில் நான் ஒரு பஸ், அவள் ஒரு பஸ்.

நாளைக்கு இன்னும் நாலு வீடு.